ஈயக்காரி வார்த்த முப்பது வில்லை

அறுபத்துநான்காம் பக்கத்தில் புரூஃப் அக்காவின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் ஒரு சுழி சுழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பாள். முப்பது வருடமாக அச்சகத்தில் அவள் பார்க்கிற வேலையே அதுதான். வயது ஐம்பத்தெட்டு. பெரியவர் சின்னவர் பாராமல் ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். பிழை என்று வந்துவிட்டால் கூடப் பிறந்தவன் எழுதியதாக இருந்தாலும் விடமாட்டாள்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்: “வேலைநிறுத்தத்தால் பிரிந்திருந்த முப்பத்தொரு தொழிலாளரையும் அன்றைய மூப்பர்கள் பெருந்தன்மையோடு கர்த்தருடைய பந்தியில் சேர்த்துக்கொண்டார்கள். சபையின் காயம் அன்று ஆறியது.”

மூன்று தடவை படித்தாள். பிறகு ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டாள்.

அந்த முப்பத்தொரு பேரைப் பந்தியில் உட்கார வைத்தது எந்த மூப்பரும் இல்லை. அவள் அம்மா. அதற்காகவே அம்மாவைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டவர்கள் அந்த மூப்பர்கள். அடித்த கையே இப்போது அந்தப் புண்ணியத்தையும் எடுத்துத் தன் மடியில் முடிந்துகொள்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

புத்தகம் ஊரில் உள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் நூற்றைம்பது வருட வரலாறு. அந்தச் சபையில் பிஷப் என்று யாரும் கிடையாது. போதகரும் மூப்பர்களும் கூடி உட்கார்ந்தால் அதற்கு செஷன் என்று பெயர். செஷன் சொன்னால் சொன்னதுதான். புத்தகத்தை எழுதியவர் செஷனின் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர். செஷனின் கூட்டக் குறிப்பேட்டில் இருந்தால் எதையும் நம்புவார். இல்லாவிட்டால் தன் கல்யாணத்தையே சந்தேகப்படுவார்.

அம்மாவின் கதை குறிப்பேட்டில் இல்லை. அதனால் அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முந்தின வியாழக்கிழமை ஒவ்வொரு மூப்பரும் தனக்கு விட்ட தெருக்களில் வீடு வீடாகப் போவார். ஒழுங்காக நடப்பவர்கள் என்று செஷன் ஒப்புக்கொண்டவர்களுக்கு ஆளுக்கொரு ஈய வில்லை கொடுப்பார். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். ஒரு பக்கம் சபையின் முதலெழுத்தும் ஆண்டும், மறுபக்கம் மொட்டை. ஞாயிற்றுக்கிழமை நீளமேசையின் தலைமாட்டில் ஒரு மூப்பர் பித்தளைத் தட்டோடு நிற்பார். வில்லையைத் தட்டில் போட்டால் மேசையில் நாற்காலி. வில்லை இல்லாதவருக்குப் பின்பெஞ்சு.

அந்த வருடம் ஊரிலிருந்த கயிறு ஆலையில் வேலைநிறுத்தம். இயந்திரத்தில் இரண்டு விரல் போன ஒரு பெண்ணை, விரல் இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று வீட்டுக்கு அனுப்பியதில் ஆரம்பித்தது. ஆலை முதலாளியும் ஒரு மூப்பர். சகோதரனோடு மனத்தாங்கல் உள்ளவன் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும், அதற்குப் பிறகுதான் பந்தி என்று செஷன் வேத வசனத்தை எடுத்து வீசியது. ஒப்புரவாவது என்றால் மூச்சு விடாமல் வேலைக்குத் திரும்புவது என்று அர்த்தம். முதலாளிக்கும் மனத்தாங்கல் இருந்ததே, அவர் போய் ஒப்புரவாக வேண்டாமா என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு வில்லை உண்டு. ஆலையில் வேலை செய்த சபையார் முப்பத்தொரு பேருக்கும் இல்லை.

அம்மா ஆலைக்காரி இல்லை. அச்சகத்தில் ஈயம் உருக்கி எழுத்தும் அச்சுத்தட்டும் வார்ப்பவள். ஊர் அவளை ஈயக்காரி என்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பக்கூட மாட்டாள். செஷனுக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை, வியாழக்கிழமை அவளுக்கு வில்லை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அச்சுத்தட்டு வார்க்க வைத்திருக்கும் ஈர அட்டையில் அந்த வில்லையை அழுத்தி, உலையோரம் காயவைத்து, உருகிய ஈயத்தை ஊற்றினாள். திருட்டு வேலைக்கு இருட்டு வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. ஜன்னல் பப்பரப்பா என்று திறந்து கிடந்தது, வெயில் உலை வரைக்கும் வந்து விழுந்தது. சனிக்கிழமையும் அப்படியே. முப்பதாவது வில்லையோடு அட்டை கருகிப் பொடிந்துவிட்டது. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தனக்கு வந்த அசல் வில்லையை எடுத்துக்கொண்டுபோய், விரல் போன பெண்ணின் கையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் முப்பத்தொரு பேரும் துவைத்து உடுத்திக்கொண்டு வரிசையில் வந்து, வில்லையைப் போட்டு, உட்கார்ந்தார்கள். தட்டு பிடித்திருந்த மூப்பர் வாயே திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. இந்தச் சபையில் ஒரு மூப்பர் இன்னொரு மூப்பரின் தெருவைப் பற்றி விசாரிப்பது மரியாதைக் குறைவு. அவர் மனம் இரங்கிவிட்டார் என்று இவர் நினைத்தார். இவர்தான் இரங்கிவிட்டார் என்று அவர் நினைத்தார். ஆலை முதலாளியோ எல்லாரும் சேர்ந்து தன்னைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அப்பத்தைப் பிட்டார். போதகருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சபையில் ஒப்புரவு உண்டாயிற்று என்று மேலிடத்துக்கு நாலு பக்கம் எழுதி மறுநாள் காலை தபாலிலும் சேர்த்துவிட்டார். பந்தியில் உட்கார எல்லா உரிமையும் இருந்த ஈயக்காரி ஒருத்திதான் அன்று பின்பெஞ்சில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை செஷன் கூடியபோதுதான் ஒருவருமே கொடுக்கவில்லை என்று தெரிந்தது. போன கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் பழி போட ஒரு ஆள் வேண்டுமே. வில்லைப் பெட்டியின் சாவி கோயில் மணி அடிப்பவரிடம் இருந்தது. அவரைக் குடும்பத்தோடு கோயில் வளாகத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்ட அம்மா புதன்கிழமை தானே போய் நின்று, அவரை விட்டுவிடுங்கள், வார்த்தது நான் என்றாள். தப்பு என்று ஒப்புக்கொள் என்றார்கள். செய்தேன் என்றுதான் சொன்னேன், தப்பு என்று சொல்லவில்லையே என்றாள்.

மணி அடிப்பவர் தப்பித்தார். குறிப்பேட்டில் அம்மாவுக்கு நேராக ‘ஒழுங்கீனம், நீக்கம்’ என்று இரண்டு சொல். என்ன ஒழுங்கீனம் என்று எழுதினால் போதகர் கடிதத்தின் சாயம் வெளுத்துவிடும் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். கடிதத்தின் நகலை அடுத்த பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். தலைமையாசிரியர் அதைப் பார்த்துதான் அறுபத்துநான்காம் பக்கத்தை எழுதியிருக்கிறார்.

அன்றிலிருந்து அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறியதில்லை. அதே பின்பெஞ்சு. திருவிருந்து அன்று எல்லாரும் எழுந்து மேசைக்குப் போவார்கள், அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நடுவில் இரண்டு தடவை, ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்று செஷன் ஆள் அனுப்பிப் பார்த்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். சின்ன வயதில் மகளுக்கு அம்மா அப்படி உட்கார்ந்திருப்பது பெரிய வெட்கமாக இருந்தது. வளர வளர அது கோபமாயிற்று. யார் மேல் கோபம் என்பது மட்டும் ரொம்ப நாள் அவளுக்கே தெரியவில்லை. அறுபத்துநான்காம் பக்கம் வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது.

புதன்கிழமை மாலை புரூஃபை எடுத்துக்கொண்டு செஷன் அறைக்குப் போனாள். போதகரும் ஏழு மூப்பர்களும் இருந்தார்கள். நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்காக அந்தப் பழைய வில்லை வழக்கத்தை வருகிற ஞாயிறு ஒரு தடவை மறுபடியும் நடத்திப் பார்ப்பதாகத் திட்டம். பரணில் கிடந்த பெட்டியைத் துடைத்து மேசையில் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் ‘பொய்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சொன்னதை எல்லாரும் குறுக்கிடாமல்தான் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அவர், குறிப்பேட்டில் இல்லாத ஒன்றை வரலாறு என்று அச்சில் ஏற்ற முடியுமா என்று வருத்தத்தோடு கேட்டார். ஆதாரம் வேண்டும் என்றார்.

“ஆதாரம் உங்க மேசை மேலதான் சார் இருக்கு” என்றாள் புரூஃப் அக்கா.

பெட்டியைத் திறந்து ஒரு கை வில்லைகளை அள்ளிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். ஜன்னலின் அடிப்படி நல்ல கருங்கல். ஒரு வில்லையை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டாள். சொத்தென்று விழுந்தது. இன்னொன்று, அதுவும் சொத். மூன்றாவதும் அப்படியே. மூப்பர்களில் ஒருவர் நாற்காலியில் நெளிந்தார். நாலாவது வில்லை கல்லில் பட்டதும் ணிங் என்று ஒரு சத்தம் எழும்பி அறை முழுக்கக் கேட்டது.

அவள் திரும்பி நின்று சொன்னாள். சபை வார்த்தது சுத்த ஈயம். அது விழுந்தால் சத்தம் வராது, நகம் பட்டால் கீறும். அச்சகத்து ஈயத்தில் எழுத்து தேயாமல் இருக்க வேறு உலோகமும் சேர்த்திருப்பார்கள். அது ஒலிக்கும், நகத்தால் கீறினால் நகம்தான் போகும். தலைமையாசிரியர் எழுந்து வந்தார். தானே ஒரு வில்லையை எடுத்துக் கீறிப் பார்த்து, நகத்தை உடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் மனிதர் யாரையும் கிட்டே விடவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பெட்டி முழுவதையும் ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டுப் பார்த்தார். முடிந்தபோது ஒலித்தவை இருபத்தெட்டு தனியாக இருந்தன. மீதி இரண்டு எந்தக் காலத்தில் எந்தச் சட்டைப்பையோடு போயிற்றோ.

“அப்ப நான் எழுதினது தப்பு” என்றார். அவர் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வரும் என்று புரூஃப் அக்கா எதிர்பார்க்கவில்லை.

ஆனால் செஷன் என்றால் செஷன்தானே. அரைமணி நேரம் பேசினார்கள். பட்டியலில் நீக்கப்பட்டிருக்கிற ஒருவரைச் சபையின் சொந்தப் புத்தகம் எப்படிப் பாராட்டும்? முதலில் அம்மாவை மறுபடியும் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒரு விதி இருக்கிறது, நீக்கப்பட்டவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு வார்த்தை போதும். அது வந்தால் அம்மாவுக்கு வில்லையும் உண்டு, பக்கமும் மாறும். வராவிட்டால் இரண்டும் இல்லை. கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது. தலைமையாசிரியரும் கை தூக்கினார், தரையைப் பார்த்துக்கொண்டு.

வீட்டில் அம்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தொரு வயது. உலைச் சூட்டில் வெந்த கை என்பதால் இன்றைக்கும் கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கிவிடுவாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, அவளுக்கே பிடிக்காத ஒரு குரலில், ஒரு வார்த்தைதானே அம்மா என்றாள். உள்ளுக்குள் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் அந்த மேசையில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஏக்கம்.

அம்மா பட்டாணித் தோலை ஒதுக்கிவைத்தாள்.

“நான் தப்புன்னு சொல்லிட்டா, அந்த முப்பத்தொரு பேரும் திருட்டுத்தனமா சாப்பிட்டவங்கன்னு ஆயிடும். அவங்கள்ல முக்காவாசிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. எழுந்து வந்து இல்லைன்னு சொல்லவா முடியும்?”

மகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டாணியை எடுத்தாள். அதை உரித்தபடியே, உனக்கு அந்த மேசையில் உட்கார ஆசையே கிடையாதா என்று கேட்டாள்.

“ஆசை இல்லாமலா இத்தனை வருஷமா போய் உக்காந்துட்டு வரேன்?” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு மறுபடியும் பட்டாணியை எடுத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை மகள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அவர்கள் தெருவுக்கு உரிய மூப்பர் வந்தார். சோபாக்கடை வைத்திருப்பவர், நாற்பது வயதிருக்கும். கயிறு ஆலை முதலாளியின் பேரன்தான். ஆலை போய் வெகுகாலம் ஆயிற்று, தாத்தாவின் மூக்கு மட்டும் மிச்சம். மகள் கையில் ஒரு வில்லையை வைத்தார். அம்மா பக்கம் திரும்பாமல் தண்ணீர் கேட்டார், குடித்தார், இன்னும் கொஞ்சம் கேட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது மகளிடம் மெதுவாக, “நீங்களாவது அம்மாகிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்குங்கக்கா” என்றார். அவருக்கும் சங்கடம்தான். சங்கடப்பட்டால் மட்டும் ஒரு நாற்காலி காலியாகிவிடுமா என்ன?

கதவைச் சாத்திவிட்டு மகள் கையிலிருந்த வில்லையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைக் கீறினாள். கீறல் விழுந்தது. அசல். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை மதியம் அம்மா சாப்பிட்டுவிட்டு வானொலியைப் பாடவிட்டுத் தூங்கினாள். மகள் இரும்புக் கடையில் வாங்கிவந்த பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஒரு மூடியில் ஊற்றி, வில்லையை அதில் அழுத்தி எடுத்து, வெயிலிலும் அடுப்பிலுமாகக் காயவைத்தாள். தையல் மெஷின் இழுப்பறையில் அம்மா ஒரு டப்பா நிறையத் தேய்ந்த அச்செழுத்து வைத்திருந்தாள். அதில் ஒரு பிடியைப் பழைய இரும்புக் கரண்டியில் போட்டு, ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்து, உருக்கினாள். அவள் வாழ்நாளில் ஈயம் உருக்கியதில்லை, பிறர் பிழையைத் திருத்தியதோடு சரி. முதல் வில்லை பாதியில் உறைந்துவிட்டது. இரண்டாவதில் ஆண்டு விழவில்லை. மூன்றாவது பார்க்கும்படி வந்தது, ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக. அதை அரத்தால் அராவுவதற்குள் வானொலியில் பாட்டு முடிந்து அம்மா இருமும் சத்தம் கேட்டது. அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், செருப்பைக் கழற்றும்போது, அம்மாவின் கையில் அதை வைத்தாள். அம்மா ஏதோ பெப்பர்மிண்ட் என்று நினைத்துத்தான் கையை மூடினாள். பிறகு விரித்துப் பார்த்தாள். நகத்தால் ஒரு கீறு கீறினாள். நகம் வழுக்கியது. பிசிறடித்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவியபடி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் வழக்கமான பின்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பந்தி நேரம் வந்தது. வெள்ளைத் துணி விரித்த நீளமேசை, அதன் தலைமாட்டில் பித்தளைத் தட்டோடு சோபாக்கடை மூப்பர். செஷனில் நடந்தது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. ஏழு மூப்பர்களுக்கும் ஏழு மனைவிகள் உண்டே. பின்பெஞ்சிலிருந்து ஈயக்காரி எழுந்தபோது பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வரியை மறந்துவிட்டார்கள். அவள் கைத்தடியை ஊன்றி நடுப்பாதையில் நடந்தாள். மகள் முன்னால் போய்த் தன் வில்லையைத் தட்டில் போட்டாள். சொத்.

அம்மா தன் வில்லையை வைக்கவில்லை. கையை உயர்த்தி, தட்டுக்கு மேல் ஒரு சாண் விட்டு, போட்டாள். ணிங் என்று அது கூரை வரைக்கும் கேட்டது.

பாட்டு நின்றே போயிற்று. சோபாக்கடைக்காரர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “அம்மா, இது நாங்க குடுத்ததில்லையே” என்றார்.

“இல்ல தம்பி. அன்னைக்கும் நீங்க குடுக்கல, இன்னைக்கும் நீங்க குடுக்கல. அதைத்தான் புஸ்தகத்துல சரியா எழுதச் சொல்றோம்.”

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. போதகர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மூப்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்றைக்கு இன்னொருவரின் தெரு என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. சோபாக்கடைக்காரரின் கழுத்து வியர்த்தது. அவர் குனிந்து அந்த வில்லையை எடுத்தார். திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்து மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் அதை மற்ற வில்லைகளோடு சேர்த்துத் தட்டின் நடுவில் தள்ளிவைத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, அம்மாவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “அடுத்தவங்க வாங்க” என்றார்.

அம்மா போய் உட்கார்ந்தாள். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டது தலைமையாசிரியர். அப்பத்தை வாங்கி மெதுவாக மென்றாள். திராட்சரசக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பக்கத்தில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள், அது பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

திங்கட்கிழமை காலை அச்சகம் திறப்பதற்கு முன்னாலேயே தலைமையாசிரியர் வாசலில் நின்றார். சனிக்கிழமை வரைக்கும் செஷன் கூட்டம் கிடையாது, அதுவரை அச்சு காத்திருக்காது, வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனார். புதிய அறுபத்துநான்காம் பக்கம். புரூஃப் அக்கா அதைச் சிவப்புப் பேனாவோடு மூன்று தடவை படித்தாள். ஒரு சுழிகூடப் போடவில்லை.

சாயந்திரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். “அந்த வில்லைகளை மூப்பர்கள் கொடுக்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த ஈயக்காரி முப்பது வில்லை வார்த்து, தன்னுடையதையும் சேர்த்துக் கொடுத்தார். செஷன் அவரை நீக்கியது. ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் மகள் வார்த்த வில்லையோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார். வருத்தம் தெரிவிக்கவில்லை.”

அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதற்கப்புறம் கட்டைவிரலைப் பார்த்தாள். அதில் ஒரு சின்னக் கீறல் காய்ந்திருந்தது.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு” என்றாள். “மகளுக்கு ஓரம் அராவத் தெரியலைங்கறதையும் போடச் சொல்லு.”